ரைகாரன் உட்கார்ந்த இடம்

ரைகாரன் இறந்துபோனான் என்பது ஷாமினிக்குத் தன் நாற்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது.

அதுவரை அவன் உயிரோடு இருப்பதாகத்தான் நினைத்திருந்தாள். நடமாடிக்கொண்டு அல்ல. போரெல்லாம் முடிந்து, களைத்துப்போய் ஒரு பள்ளத்தாக்கில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மேலே மரம் முளைத்து, கடைசியில் குன்றாகவே ஆகிவிட்டவனாக. அவன் தோள்மீது பறவைகள் கூடு கட்டியிருக்கும். ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள் அது யாரென்று தெரியாமல் அவன் முழங்கால்மீது ஏறிப் போவார்கள். சின்ன வயதில் தொடங்கி அவள் மனதில் அந்தக் குன்று இருந்தது. வேலையில் அலுத்துப்போனாலோ காய்ச்சலில் படுத்தாலோ அவள் போய் ஒதுங்கிக்கொள்ளும் இடம் அது.

பகா பட்டணத்துக்கு வெளியே உள்ள ஒரு செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. சூடாக வரும் எண்ணெயைச் சிறு குப்பிகளில் பிடித்து, புளிப்பு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்ப்பாள். காலை ஷிஃப்ட் முடிந்து மதியம் தோட்டத்துக் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினால் வீடு காலியாக இருக்கும். மகள் பினாங்கில் படிக்கிறாள். கணவன் மகேந்திரன் எண்ணெய் லோரி ஓட்டுகிறவன். துறைமுகத்துக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். சன்னலுக்கு வெளியே செம்பனைகள் வரிசை பிடித்து நிற்கும். ஆலையின் நீராவி அவற்றின்மேல் இறங்கி, அங்கேயே தங்கியிருக்கும்.

ஒருநாள் மகேந்திரன் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று இருந்தது. கூட ஓட்டுகிறவரின் மகன் கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போனபோது விட்டுப்போனதாம்.

"சும்மாதான் குடுத்தாரு. மத்தியானத்துல ஒனக்குப் பொழுது போவும்ல."

"எனக்கா? இதெல்லாம் பையனுங்க ஆடுறதுங்க."

"ஆடிப்பாரு லா. என்னா இப்ப."

பெட்டிக்கு அடியில் ஒரு விளையாட்டுக் குறுந்தட்டு கிடந்தது. அதன் உறையைப் பார்த்ததும் ஷாமினி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைக் கவசம். நீல மார்பு. நெற்றியில் ஒரு பக்கமாக வளைந்த ஒற்றைக் கொம்பு.

"ஏங்க, இது ரைகாரன்."

"யாரு அது? தமிழ்ப் பேரு மாதிரி இருக்கு."

அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ரெம்பாவ் பக்கத்தில் கெலாடி ரப்பர்த் தோட்டத்தில் அவளோடு வளர்ந்த பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான் நினைத்தார்கள். மீன்காரன் வருகிறான், ரொட்டிக்காரன் வருகிறான், சனிக்கிழமை சாயங்காலம் ரைகாரன் வருகிறான். 'ரை' என்பது ஜப்பான் மொழியில் இடி என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? தோட்டத்து மண்டபத்தை எல்லாரும் டேவான் என்பார்கள். அங்கே ஒரு இரும்புக் கூண்டுக்குள் தொலைக்காட்சி இருந்தது. பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் கால்மேல் கால் இடிக்க உட்கார்ந்து, ரப்பர் மரத்தைவிட மூன்று மடங்கு உயரமான ஒரு இயந்திர மனிதன் கடலிலிருந்து எழுந்து வருவதை வாய் பிளந்து பார்ப்பார்கள். அவன் நெஞ்சுக்குள் உட்கார்ந்து அவனை ஓட்டுகிறவள் ஒரு பெண். பெயர் மிஹோ. சண்டை முடிந்ததும் ரைகாரன் அவளைத் தன் உள்ளங்கையில் ஏந்தித் தரையில் இறக்கிவிடுவான். ஷாமினிக்கு அந்த இடம்தான் பிடிக்கும்.

தட்டில் இருந்தது ரைகாரனின் நாற்பது வருடக் கதை. அவள் பார்த்தது முதல் தொடர் மட்டும்தான் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நிலவில் நடக்கும் தொடர் வந்திருந்தது, கடலடியில் நடக்கும் தொடர் வந்திருந்தது, மிஹோவின் மகள் ஓட்டும் தொடர், அந்த மகளின் எதிரி ஓட்டும் தொடர் எல்லாம் வந்திருந்தன. ரைகாரன் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறியிருந்தான். சிலதில் ஒல்லியாக, சிலதில் கறுப்பாக, ஒன்றில் சிறகோடு. கொம்பு மட்டும் எப்போதும் ஒரு பக்கமாகவே வளைந்திருந்தது.

அவளுக்கு முதலில் நேராக நடக்கக்கூடத் தெரியவில்லை. ரைகாரன் மலையில் போய் முட்டினான். பாலத்தை மிதித்து நொறுக்கினான். ஆனால் நாள் போகப்போக அவள் கட்டைவிரல்கள் பழகின. வேலையிலிருந்து வந்து, குளித்து, தேநீர் போட்டு, திரையின் முன்னால் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. பல நாள் அவள் சண்டைக்கே போவதில்லை. எதிரி வரும் திசையை விட்டுவிட்டு வேறு பக்கமாக ரைகாரனை நடத்திக்கொண்டு போவாள். காலடிச் சத்தம் மெதுவாக, கனமாக, தூரத்தில் யாரோ நெல் குத்துவதுபோலக் கேட்கும். கீழே காடுகள் பாசிபோலத் தெரியும். அப்படியே தூக்கம் வந்துவிடும். தூக்கத்திலும் நடை நிற்காது. சன்னலுக்கு வெளியே உள்ள செம்பனைகளுக்கு மேலே, நீராவிக்குள், வெள்ளையாக ஒரு தோள் நகர்ந்து போகும்.

பிறகு ஒரு மழைநாளில் முதல் தொடரின் கடைசிச் சண்டையை ஜெயித்தாள். திரை இருண்டது. பழைய தொலைக்காட்சிக் காட்சி, அதே மங்கிய நிறங்களில், ஓடத் தொடங்கியது.

வானத்தில் ஒரு கரிய சூரியன். பூமியை நோக்கி வந்துகொண்டிருந்தது. ரைகாரன் தன் மார்பைத் திறந்து, மிஹோ இருந்த அறையை மட்டும் கழற்றிக் கடல் பக்கமாக வீசினான். அவள் கத்தினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கரிய சூரியனுக்குள் நேராகப் போனான். ஒரு வெளிச்சம். அதற்குப் பிறகு அங்கே சூரியனும் இல்லை, ரைகாரனும் இல்லை. ஒரு துண்டு இரும்புகூட விழவில்லை. மிஹோ கடற்கரையில் உட்கார்ந்து வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, படம் எடுத்தவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே போயின.

"இது இல்லையே," என்றாள் ஷாமினி, யாரும் இல்லாத வீட்டில். தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது.

அந்தக் கடைசிப் பாகம் ஒளிபரப்பானபோது அவளுக்குப் பத்து வயது. அம்மை போட்டிருந்தது. வேப்பிலை விரித்த பாயில் தனியாகப் படுத்திருந்தாள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அப்பா மாயாண்டி இறந்திருந்தார். பால் ஏற்றிப்போன லோரி சரிவில் உருண்டதில் போனார். சவப்பெட்டியை மூடியேதான் கொண்டுவந்தார்கள். ஷாமினி முகம் பார்க்கவில்லை. அதன்பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை டேவானுக்கு மட்டும் போய்வந்தாள். கடைசிப் பாகத்தன்று அதுவும் இல்லாமல் போனது. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தபோது, பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த கூட்டாளிப் பெண் பஞ்சாலை சன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வரக்கூடாது என்பதால் அங்கிருந்தபடியே மூச்சு வாங்கச் சொன்னாள்.

"ஷாமினி! ரைகாரன் ஜெயிச்சிட்டான்! ஜெயிச்சிட்டு, ரொம்பக் களைப்பா இருக்குன்னு மிஹோவ எறக்கி விட்டுட்டு, உக்காந்துட்டான்!"

அன்று இரவு ஷாமினி கஞ்சி கேட்டாள் என்று அம்மா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் தோட்டம் கைமாறியது. குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கம் போயின. ஷாமினியும் அம்மாவும் சிரம்பானில் தெமியாங்குக்கு, மாமா வீட்டுக்குப் போனார்கள். பஞ்சாலை எங்கே போனாள் என்று தெரியவில்லை.

இப்போது ஷாமினி தேட ஆரம்பித்தாள். வேறு ஏதாவது முடிவு இருக்கும், தோட்டத்தில் காட்டியது மலாய்க்காரர்கள் வெட்டி ஒட்டிய வேறு பிரதியாக இருக்கும் என்று நினைத்தாள். தொடர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். படங்களையும் பார்த்தாள். நிலவுத் தொடரில் ரைகாரன் உருகிப்போனான். கடலடித் தொடரில் அவனைப் பிரித்து நகரம் கட்டினார்கள். ரசிகர்கள் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்றில் சேர்ந்து, ரைகாரன் பள்ளத்தாக்கில் உட்கார்ந்து குன்றாகிப்போவது எந்தப் பாகத்தில் என்று கேட்டாள். அப்படி எதுவும் இல்லை, கனவு கண்டிருப்பீர்கள் என்று ஒருவர் எழுதினார். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் தனியாகச் செய்தி அனுப்பினான். பெயர் தர்மராஜ். தெமியாங்கில் பழைய வீடியோ கேம் விற்கும் கடை வைத்திருந்தான்.

ஷாமினி ஒரு விடுமுறை நாளில் அந்தக் கடைக்குப் போனாள். முப்பது வயதிருக்கும் அவனுக்கு. கூரைவரை பெட்டிகள். கண்ணாடி அலமாரியில், கேம் உறைகளின்மேல், ரைகாரன்கள் வயது வாரியாக நின்றார்கள். முதலாமவன் கட்டைவிரல் அளவுகூட இல்லை. வெறும் சதுரங்களால் ஆனவன்.

"தொடர்ல இல்லக்கா. படத்துலயும் இல்ல. ஆனா கேம்ல வேற வேற முடிவு வெச்சிருக்கானுங்க. ரெண்டாவது கேம்ல ஒரு மறைவு வழி இருக்கு. கூட வர்ற ஆளுங்க ஒருத்தனையும் சாக விடாம கடைசி வரைக்கும் கூட்டிட்டுப் போவணும். போனா, ரைகாரன் சூரியனுக்குள்ள போவ மாட்டான்."

"எங்க போவான்?"

"நான் சொல்லிட்டா நல்லா இருக்காதுக்கா. நீங்களே பாருங்க."

ஷாமினி அந்த விளையாட்டை வாங்கிவந்து, ஒரு மழைக்காலம் முழுக்க அதற்குக் கொடுத்தாள். கூட வரும் சின்ன விமானங்களில் ஒன்று விழுந்தாலும் முதலிலிருந்து தொடங்கினாள். மகேந்திரன் லோரியை நிறுத்திவிட்டு வரும்போது அவள் திரைமுன் உட்கார்ந்திருப்பாள். அவனே சோறு போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவான்.

"அந்த மஞ்சக் கலரு விமானம் பின்னால தங்குது பாரு. அவன விட்டுட்டுப் போவாத."

"தெரியுங்க. பேசாம இருங்க."

கடைசியில் எல்லாரையும் உயிரோடு கொண்டுவந்து சேர்த்தாள். அந்தப் பழைய விளையாட்டில் நிறங்களே குறைவு. கறுப்பு வானம், சாம்பல் நிலவு. கரிய சூரியன் உடைந்ததும் ரைகாரன் நிலவில் இறங்கினான். ஒரு முழங்காலை மடக்கினான். ஷாமினி திரையை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு அவன் பாதத்திலிருந்து மேல்நோக்கிக் கல்லாக மாறினான். அந்த நிலையிலேயே, ஒரு முழங்கால் மடங்கியபடி, பூமியைப் பார்த்தபடி. சின்ன விமானங்கள் அவனைச் சுற்றிப் பறந்துவிட்டுப் போய்விட்டன.

பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் அது இல்லை. அங்கே மரமும் பறவையும் இல்லை. அவன் உட்காரவும் இல்லை.

அன்று அவள் முதல்முறையாக, சன்னலில் வந்து சொன்ன பஞ்சாலையைப் பற்றி மகேந்திரனிடம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பொண்ணுகிட்டயே கேக்க வேண்டியதுதான?" என்றான். அவ்வளவு எளிதான ஒன்று அவளுக்கு ஏன் தோன்றவில்லை என்று இருந்தது.

கெலாடித் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. பிறந்தநாள் வாழ்த்தும் சாவுச் செய்தியும்தான் பெரும்பாலும் வரும். பஞ்சாலை அதில் இல்லை. ஷாமினி அதில் கேட்டாள்: ரைகாரன் கடைசிப் பாகம் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் ரைகாரன் என்ன ஆனான்?

கைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துணி மடித்தாள். பிறகு ஜொகூரில் இருக்கும் ரவிச்சந்திரனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. டேவானில் எப்போதும் முன்வரிசையில் உட்காருகிறவன். இப்போது குரல் கட்டையாகிவிட்டது. "அத பஞ்சாலைகிட்டதான் கேக்கணும் லா, ஷாமினி."

கிள்ளானிலிருந்து புஷ்பவள்ளி எழுதினாள்: பஞ்சாலையைக் கேள். சிங்கப்பூரில் பேருந்து ஓட்டும் இன்னொருவன் எழுதினான்: பஞ்சாலைதான் சொல்லணும். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பதிலும் அதே பெயர்தான். யாருக்கும் மறக்கவில்லை என்பது ஷாமினிக்குப் புரிந்தது. ஆனால் ஏன் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை என்பது புரியவில்லை. கடைசியில் புஷ்பவள்ளிதான் ஒரு கைபேசி எண்ணை அனுப்பிவைத்தாள்.

பஞ்சாலை ரெம்பாவில் வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஷாமினி பேசிவிட்டு வந்து இறங்கிய பேருந்து நிலையத்துக்குச் சிவப்பு 'எல்' எழுத்து ஒட்டிய சின்னக் காரில் வந்து நின்றாள். தலைமுடி பாதி நரைத்திருந்தது. சாயம் பூசவில்லை. ஷாமினியை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"அம்மைத் தழும்பு ஒண்ணுகூட இல்லையேடி ஒனக்கு."

"வேப்பிலைதான். எங்கம்மா நாள் முச்சூடும் தடவிக்கிட்டு இருப்பாங்க."

"ஏறு ஏறு. இந்தப் பக்கம் ஒனக்கு ஒரு பிரேக் இருக்கும், அத மட்டும் மிதிச்சிராத."

பயிற்சித் திடலின் ஓரத்தில் காரை நிறுத்தினாள். அடுத்த பாடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. மழை தொடங்கி, கண்ணாடியில் வழிந்தது. வெளியே ஆரஞ்சுக் கூம்புகள் தண்ணீருக்குள் இருப்பதுபோல அசைந்தன. ஷாமினி கேமில் தேடியதைச் சொல்லி, நேராகக் கேட்டுவிட்டாள்.

"நீ உண்மையிலேயே அந்தக் கடைசிப் பாகத்தப் பாத்தியா?"

"பாத்தேனே. எல்லாரும் பாத்தோம். கறுப்புச் சூரியனுக்குள்ள போனான். ரவி தேம்பித் தேம்பி அழுதான். இப்பக் கேட்டா இல்லம்பான்."

"அப்பறம் ஏன் என்கிட்ட உக்காந்துட்டான்னு சொன்ன?"

 பஞ்சாலை கண்ணாடியைத் துடைக்கும் தண்டை ஒருமுறை ஓடவிட்டாள். ஒரு கணம் திடல் தெளிவாகத் தெரிந்து மறுபடி கரைந்தது.

"ஒங்கப்பா போயி கொஞ்ச நாளுதான் ஆயிருந்துச்சு. நீ சோறு திங்காம கெடந்த. ஒன்கிட்ட வந்து, ரைகாரனும் போயிட்டான், ஒரு துண்டுகூடக் கெடைக்கலன்னு எப்படிடி சொல்றது? டேவான் வாசல்ல எல்லாத்தையும் நிக்க வெச்சேன். ஷாமினிகிட்ட எவனாச்சும் அவன் செத்துட்டான்னு சொன்னா பல்லப் பேத்துருவேன்னேன். ரவி கேட்டான், அப்ப என்னா சொல்றதுன்னு. எனக்கும் தெரியல. நான் போயி சொல்றேன், நான் என்னா சொல்றனோ அதத்தான் நீங்களும் சொல்லணும்னுட்டு ஓடியாந்தேன். வழியில கங்காணி வீட்டு மாடு ஒண்ணு காலை மடக்கி உக்காந்து அச போட்டுக்கிட்டு இருந்துச்சு. அதப் பாத்தேன். சரி, ரைகாரனும் உக்காரட்டும்னு தோணுச்சு."

ஷாமினி சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. பஞ்சாலை டாஷ்போர்டிலிருந்து திசுத்தாள் எடுத்துக் கொடுத்தாள். ஓட்டத் தெரியாமல் அழுகிறவர்களுக்காக எப்போதும் அங்கே வைத்திருப்பாளாம்.

"அவுங்க எல்லாரும் இப்பவும் சொல்லலடி," என்றாள் ஷாமினி. "குழுவுல கேட்டேன். ஒருத்தரும் சொல்லல. ஒன்னையே கேக்கச் சொன்னாங்க."

பஞ்சாலை அவளைத் திரும்பிப் பார்த்தாள். அது அவளுக்கும் தெரியாது. "ரவியுமா?" என்றாள். பிறகு ஸ்டீயரிங்கைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மரமெல்லாம் எப்படி ஒனக்குத் தோணுச்சு?" என்று ஷாமினி கேட்டாள்.

"என்னா மரம்?"

"அவன்மேல முளைக்கிற மரம். தோள்ல பறவை கூடு கட்டும்னு. பால் வெட்டப் போறவங்க தெரியாம முழங்கால்ல ஏறிப் போவாங்கன்னு."

"நான் அதெல்லாம் சொல்லலடி."

"சொன்ன."

"உக்காந்துட்டான்னு சொன்னேன். அதுக்குள்ள எங்கம்மா கூப்பிட்டுச்சு, ஓடிட்டேன். மரம், பறவைல்லாம் எனக்குத் தெரியாது. சத்தியமா."

மழை சத்தம் கூடியது. ஷாமினி இருக்கையில் சாய்ந்துகொண்டாள். அப்படியென்றால் அந்த மரங்களை நட்டது யார்? அம்மைப் பாயில் படுத்திருந்த நாட்களில் ஒன்று முளைத்திருக்கும். தெமியாங்கில் மாமா வீட்டு மாடி அறையில் இன்னும் சில. மகளைச் சுமந்தபோது, ஆலையில் முதல் நாள் வேலைக்குப் போய் வாந்தியெடுத்தபோது, அம்மா போனபோது. ஒவ்வொரு முறையும் போய் ஒதுங்கியபோது அவளறியாமல் ஒன்றை நட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு காடு. அவளுக்குத் தன்னை நினைத்தே ஆச்சரியமாக இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் விட்டது அப்போது ஞாபகம் வந்தது. இந்த முறை அந்த நினைவைத் தள்ளிவிடத் தோன்றவில்லை.

அடுத்த பாடத்துக்கு ஒரு பெண் குடையோடு வந்து கண்ணாடியைத் தட்டினாள். பஞ்சாலை இறங்கும்போது சொன்னாள்: "அந்தக் கேமுல நீ சொல்ற மாதிரி ஒண்ணு வரலன்னா, நீயே செஞ்சுக்க முடியாதா?"

தர்மராஜைக் கேட்டதற்கு, முடியும் என்றான். ரைகாரனின் புதிய விளையாட்டில் பட்டறை என்று ஒரு பகுதி இருக்கிறது; ஆடுகிறவர்கள் தாங்களே நிலம் வரைந்து, கதை வைத்து, மற்றவர்கள் ஆடக் கொடுக்கலாம். பெரும்பாலானவர்கள் அதில் சண்டைக்களம்தான் கட்டுவார்கள்.

ஷாமினி அதை வாங்கிவந்து ஒரு பள்ளத்தாக்கு கட்டினாள். முதலில் ஆற்றை வரைந்தாள். மண்ணை மேடாக்கினாள். பட்டறையில் கிடைத்த மரங்களில் ரப்பர் மரம் இல்லை. வேறொரு மரத்தின் இலையைக் குறைத்து, தண்டை வெளுப்பாக்கி, வரிசையாக நட்டாள். காலை வெளிச்சம் எப்படி விழவேண்டும் என்பதற்கு மட்டும் பல நாள் எடுத்துக்கொண்டாள். மகேந்திரன் பக்கத்தில் உட்கார்ந்து மூடுபனி போதவில்லை என்பான். விடிகாலை லோரியில் குவாலா பிலா மேட்டில் ஏறும்போது பார்த்திருக்கிறானாம், பனி இப்படிச் சமமாக இருக்காது, குழியில் தேங்கிக்கிடக்கும் என்பான். அவள் குழிகளில் பனியைத் தேக்கினாள். வேலைசெய்துகொண்டே அயர்ந்துவிடுவாள், கண்விழித்தால் எது திரை, எது சன்னல் என்று ஒரு கணம் தெரியாது.

பஞ்சாலையிடம் படம் அனுப்பினால் உடனே பதில் வரும். அவன் கடலுக்கு முதுகு காட்டி உட்காரவேண்டும் என்பாள். நீ அப்படிச் சொல்லவே இல்லையே என்று ஷாமினி கேட்டால், அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன் என்பாள்.

எல்லாம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பஞ்சாலை பகாவுக்கு வந்தாள். மகேந்திரன் கோழி வாங்கி வந்து சமைத்தான். சாப்பிட்டுவிட்டு மூவரும் திரைமுன் உட்கார்ந்தார்கள். ஷாமினி கன்ட்ரோலரைப் பஞ்சாலையிடம் கொடுத்தாள்.

"நீதான் மொதல்ல."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுடி."

"ஊருக்கே காரு ஓட்டச் சொல்லிக் குடுக்குற. இது என்னா. இது நடக்க, இது திரும்ப. அந்த மேடு தெரியுதுல? அங்க போயி இந்தப் பொத்தான அமுக்குனா உக்காந்துருவான். அதுக்கப்பறம் மரம் தானா முளைக்கும்."

கடலிலிருந்து ரைகாரன் எழுந்தான். தோளிலிருந்து நீர் வழிந்தது. பஞ்சாலை அவனை ஒரு அடி வைக்கச்செய்தாள். வீடு முழுக்க அந்தக் கனத்த சத்தம் கேட்டது. அவள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சின்னப் பெண்போல. இன்னொரு அடி. ஆற்றைத் தாண்டினான். பனிக்குள் முழங்கால்வரை இறங்கி, வெளுத்த மரங்களின் நடுவே, ஒன்றையும் மிதிக்காமல் போனான். நெற்றிக் கொம்பில் காலை வெளிச்சம் பட்டது. மேடு வந்தது.

"இங்கதான்," என்றாள் ஷாமினி. "பொத்தான அமுக்கு."

பஞ்சாலை அமுக்கவில்லை. மேட்டைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"ஏய், தாண்டிட்டடி."

"இரு லா. இப்பத்தான எந்திரிச்சு வந்தான். அதுக்குள்ள என்னா அவசரம்? கொஞ்சம் நடக்கட்டும்."

மகேந்திரன் சிரித்தான்.  ஷாமினி எழுந்துபோய்த் தேநீருக்கு அடுப்பு மூட்டினாள். கொதி வரும்வரை சமையலறையில் நின்று, ஹாலிலிருந்து வந்த காலடிச் சத்தத்தைக் கேட்டாள். ஒன்று, பிறகு நிதானமாக இன்னொன்று. அவசரமே இல்லை.

கோப்பைகளோடு திரும்பி வந்தபோது ரைகாரன் பள்ளத்தாக்கின் மறுகோடியில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் மரமும் இல்லை, மண்ணும் இல்லை. வெள்ளைப் பனி மட்டும் திரை முழுக்க.

"இதுக்கு மேல ஒண்ணும் இல்லையேடி," என்றாள் பஞ்சாலை.

"நான் அதுக்கு மேல கட்டல."

"அப்ப கட்டு. நான் இவன இங்கயே நிப்பாட்டி வெச்சிருக்கேன்."

ஷாமினி கோப்பைகளைத் தரையில் வைத்தாள். பஞ்சாலைக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, பட்டறையைத் திறந்து, எங்கிருந்து தொடங்கலாம் என்று அந்த வெள்ளையைப் பார்த்தாள்.